மூன்றாம் நாள் காலையில் செய்த தவறு: வயிறு கெட்ட ஒரு நாயின் பதினொரு நாட்கள்

பொம்மிக்கு அப்போது ஏழு வயது. கலப்பினப் பெண் நாய், எடை 14 கிலோ, கருத்தடை செய்தது. தடுப்பூசிகள் எல்லாம் தேதி தவறாமல் போட்டிருந்தோம். பூச்சி மருந்து கொடுத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாள்பட்ட நோய் எதுவும் இல்லை. இந்த விவரங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இவற்றை நம்பி எடுத்தவை. இதே வாந்தி, தடுப்பூசி போடாத மூன்று மாதக் குட்டிக்கு வந்திருந்தால் முதலில் குட்டிகளின் உயிரையே பறிக்கும் பார்வோ வைரஸைத்தான் சந்தேகிக்க வேண்டும். வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்ற யோசனைக்கே அங்கே இடமில்லை, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ள நாய்க்கும், கிழநாய்க்கும் அப்படியே.

முதல் நாள் அதிகாலை 2:10. உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாள், எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தாள், கதவைச் சுரண்டினாள். வெளியே விட்டதும் புல்லைக் கடித்தாள். அடுத்த நிமிடம் வயிறு நான்கைந்து முறை உள்ளே இழுத்து எழும்பி, இரவு தின்றது முழுக்க வெளியே வந்தது. அந்த வயிற்றின் அசைவைக் கவனித்து வைப்பது நல்லது. வாந்தி என்றால் வயிறு இழுத்து எக்கும். எந்த முயற்சியும் இல்லாமல் தலையைக் குனிந்தவுடன் செரிக்காத உணவு வழுக்கி விழுந்தால் அது உணவுக்குழாயின் கோளாறு, வேறு கதை. மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

2:35-க்கு ஒரு கிண்ணம் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். பத்து நிமிடத்தில் அத்தனையும் வாந்தி. 4:30-க்கு மஞ்சள் நுரை, அதாவது வெறும் வயிற்றில் பித்தநீர். 5:15-க்கு இளகிய மலம், 7 மணிக்குத் தண்ணீராகவே போனது.

குப்பைத் தொட்டி கவிழ்ந்து கிடந்ததை விடிந்த பிறகுதான் பார்த்தோம்.

தொட்டிக் கணக்கு

சிரிக்காதீர்கள், மிச்சமிருந்த குப்பையைப் பழைய செய்தித்தாளில் பரப்பிக் கணக்கெடுத்தேன். முந்தைய நாள் என்னென்ன எறிந்தோம் என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டு, எது இருக்கிறது, எது காணவில்லை என்று கழித்துப் பார்த்தேன். இந்த அரை மணி நேரம்தான் முழு நிகழ்விலும் உருப்படியான வேலை என்று இப்போதும் நினைக்கிறேன். நாய்க்கு வயிறு சரியில்லை என்பது ஒரு செய்தி. நாய் என்ன தின்றது என்பதுதான் வீட்டில் இருக்கலாமா, கிளம்ப வேண்டுமா என்று சொல்லும்.

தேடியது இவற்றை: சாக்லேட் உறை, திராட்சை அல்லது உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரை இல்லாத சூயிங்கம். கடைசியில் சொன்னதில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கக்கூடும். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அது, நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். அப்புறம் குடலில் அடைத்துக்கொள்ளும் பொருட்கள்: மக்காச்சோளத் தண்டு, நூல், காலுறை, எலும்புத் துண்டு. பூஞ்சை பிடித்த உணவையும் பார்த்தேன், சில பூஞ்சைகளின் நச்சு உடல் நடுக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும். இவற்றில் ஒன்று காணாமல் போயிருந்தாலும் நேரே மருத்துவமனைதான். நாமாக உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் வேலையும் கூடாது. அந்த உப்பே நஞ்சாகிவிடும்.

காணாமல் போயிருந்தது கோழித்தோல், எண்ணெய் ஊறிய காகிதக் கைக்குட்டைகள், கொஞ்சம் பழைய ரொட்டி. எலும்புகளை வேறு பையில் கட்டி வெளியே வைத்திருந்தோம், அது அப்படியே இருந்தது. ஆக, கொழுப்பு. கொழுப்பு என்றதும் வயிற்றுக் கோளாறோடு இன்னொரு பெயரும் சேர்ந்துகொள்கிறது: கணைய அழற்சி. கொழுப்பான உணவைத் திடீரென்று தின்ற நாய்களுக்கு ஓரிரு நாள் கழித்துக்கூட அது வெளிப்படலாம். முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பகுதியை உயர்த்தி, அப்படியே நிற்பது வயிற்று வலியின் அடையாளம். விளையாடக் கூப்பிடும்போதும் நாய் இதே மாதிரிதான் குனியும். ஆனால் அது ஒரு கணம், வாலும் ஆடும். வலியில் குனிந்த நாய் அந்த நிலையிலேயே நிற்கும். மூன்று நாள் இதற்காகவே ஒரு கண் வைத்திருந்தேன், தென்படவில்லை.

மருத்துவரிடம் பேசியது

8:30-க்குத் தொலைபேசினேன். எத்தனை முறை, எவ்வளவு இடைவெளி, என்ன நிறம், ரத்தம் உண்டா, காப்பித்தூள் போல வந்ததா, மலம் தார் போலக் கருத்திருக்கிறதா, கூப்பிட்டால் எழுந்து வருகிறாளா, வயிறு உப்பியிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. வயிறு உப்பி, ஓங்கரித்து ஓங்கரித்து எதுவுமே வெளியே வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். பெரிய, ஆழ்ந்த மார்புள்ள இனங்களுக்கு அதிகம் வரும். அங்கே மணிக்கணக்கில் காத்திருந்தால் நாய் பிழைக்காது.

பிறகு ஈறைப் பார்க்கச் சொன்னார். மேலுதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். பொம்மிக்கு ஆனது. ஈறு ஈரமாகவும் இருந்தது. பிசுபிசுவென்று ஒட்டினால் நீர்ச்சத்து குறைகிறது என்று பொருள். தோள்பட்டைத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் உடனே படிய வேண்டும் என்பது இன்னொரு சோதனை. ஆனால் உடலின் எடையில் ஏறக்குறைய 5 விழுக்காடு நீர் போன பிறகுதான் அது காட்டிக்கொடுக்கும். வயதான நாய்க்குத் தோல் இயல்பாகவே மெதுவாகப் படியும், அதனால் நான் ஈறைத்தான் நம்பினேன். ஆசனவாயில் வைத்துப் பார்த்த வெப்பநிலை 38.9 டிகிரி செல்சியஸ். நாய்க்கு 38.3 முதல் 39.2 வரை இயல்பு, நம் அளவை வைத்துப் பார்த்துப் பதற வேண்டாம்.

"டாக்டர், வயிற்றுப்போக்கை நிறுத்த வீட்டில் ஒரு மாத்திரை இருக்கிறது, பாதி கொடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அவள் கலப்பினம் என்கிறீர்கள். கோலி என்ற மேய்ப்பு நாய் இனத்தின் ரத்தம் இருந்தால் அந்த மாத்திரையிலுள்ள லோபிரமைடு மூளைக்குப் போய்விடும். இல்லையென்றாலும், வெளியே போக வேண்டியதை ஏன் உள்ளே பிடித்து வைக்க வேண்டும்?"

மனிதருக்கான வலி மாத்திரைகளையும் அப்படியே மறுத்தார். இபுபுரூஃபன் நாயின் இரைப்பையில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். பிஸ்மத் கலந்த இளஞ்சிவப்பு வயிற்று மருந்தைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. அது மலத்தைக் கறுப்பாக்கும், பிறகு உள்ளே ரத்தம் கசிந்து மலம் கறுத்தாலும் எது எதனால் என்று தெரியாது.

ஆன்டிபயாடிக்கும் எழுதவில்லை. முன்பெல்லாம் இப்படி வந்த நாய்க்கு மெட்ரோனிடசோல் கொடுப்பது வழக்கம். 2024-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், லேசான, மிதமான திடீர்க் கழிச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கிறது. பெரும்பாலானவை சில நாளில் தானாகவே அடங்குகின்றன, மருந்தோ குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்து அழிக்கிறது. மருந்துச் சீட்டு இல்லாதது எனக்கு ஏதோ குறையாகத்தான் பட்டது, மறைக்கவில்லை. நாய்க்கென்று விற்கும் புரோபயாடிக் பொடி, அதாவது நல்ல நுண்ணுயிர்கள் கொண்ட பொடி மட்டும் நாளுக்கு ஒருமுறை கொடுக்கச் சொன்னார்.

நிபந்தனை ஒன்று: இனி இரண்டு முறை வாந்தி எடுத்தாலோ, தண்ணீர் வயிற்றில் தங்காவிட்டாலோ, எழுந்து வரச் சோம்பினாலோ அழைத்து வர வேண்டும். வீட்டில் பார்ப்பது என்று நான் சொல்வதெல்லாம் இந்த நிபந்தனைக்கு உட்பட்டது.

தண்ணீர், பிறகு சோறு

14 கிலோ நாய்க்கு நாளுக்கு 700 முதல் 840 மில்லி தண்ணீர் வேண்டும், கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி என்ற கணக்கு. கழிச்சலில் போவது தனி. ஆனால் கிண்ணத்தை நிரப்பி வைத்தால் என்ன ஆகும் என்று 2:35-க்கே பார்த்தாகிவிட்டது. கிண்ணத்தை எடுத்துவிட்டு அரை மணிக்கு ஒருமுறை 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி, அளந்து ஊற்றினேன். பன்னிரண்டு மணி நேரத்தில் 720 மில்லி ஆகிவிடும். முதல் இரண்டு மணி நேரம் அவள் என்னைப் பார்த்த பார்வை சகிக்கவில்லை. ஆனால் ஒரு சொட்டும் திரும்பி வரவில்லை. மதியத்துக்கு மேல் அளவைக் கூட்டி, இரவில் கிண்ணத்தையே வைத்துவிட்டேன்.

பட்டினி போடுவது பற்றிக் கருத்து மாறியிருக்கிறது. ஒரு நாள் முழுக்க வயிற்றைக் காயப்போடச் சொன்ன காலம் உண்டு. குடலின் உட்சுவரில் இருக்கும் செல்கள் தம்மைக் கடந்து போகும் உணவிலிருந்தும் ஊட்டம் எடுக்கின்றன, நெடுநேரம் காயப்போட்டால் அவை மெலிகின்றன என்பதால் இப்போது அப்படிச் சொல்வதில்லை. வாந்தி இருந்தால் சில மணி நேர ஓய்வு, வெறும் கழிச்சல் என்றால் பட்டினியே தேவையில்லை. குட்டிகளையும் மிகச் சிறிய இனங்களையும் பட்டினி போடவே கூடாது, சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். பொம்மிக்குக் கடைசி வாந்தி 4:30-க்கு. எட்டு மணி நேரம் விட்டு 12:30-க்கு முதல் கவளம், ஒரே ஒரு மேசைக்கரண்டி.

தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, மேலே மிதந்த கொழுப்பை எடுத்துவிட்டு, நார் நாராகப் பிய்த்தேன். அதோடு குழைய வெந்த வெள்ளைச் சோறு இரு மடங்கு. உப்பு, எண்ணெய், மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது.

அளவையும் கணக்குப் போட்டேன், கண்ணளவை நான் நம்புவதில்லை. படுத்திருக்கும் நாய்க்குத் தேவையான ஆற்றலைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு: எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்க வேண்டும். 14 கிலோவுக்கு ஏறக்குறைய 500 கிலோகலோரி வருகிறது. வெந்த நெஞ்சுக்கறி 120 கிராமும் சோறு 240 கிராமும் சேர்ந்தால் சரியாக அந்த அளவு. முதல் நாள் அதில் பாதி மட்டும், 30 கிராம் வீதம் ஆறு முறை. இரண்டாம் நாள் முழு அளவு, 60 கிராம் வீதம் ஆறு முறை. இதையே வாரக்கணக்கில் கொடுக்கக் கூடாது. கால்சியம் உட்படப் பல சத்துகள் இதில் இல்லை.

முதல் நாள் மொத்தம் நான்கு முறை போனாள், இரண்டாம் நாள் காலை ஒரு முறை, அதுவும் கூழ் போல. அன்று மாலை பந்தைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டாள். நோட்டுப்புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள்

இதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நாயின் வயிற்றை முதல் முறை கெடுத்தது குப்பைத் தொட்டி, இரண்டாம் முறை கெடுத்தது நான்.

மூன்றாம் நாள் காலை வரை 24 மணி நேரமாக மலம் இல்லை. எனக்கு அது கவலையாக இருந்தது. இருக்கக் கூடாது. குடல் முழுக்கக் காலியான பிறகு, குறைந்த சக்கையுள்ள உணவைக் கொடுத்தால் ஒன்றரை, இரண்டு நாள் போகாமலிருப்பது இயல்புதான். பொம்மியோ துள்ளிக்கொண்டிருந்தாள், பசி என்று கிண்ணத்தைத் தட்டினாள். சரி, குணமாகிவிட்டது, வழக்கமான சாப்பாடு போட்டால் மலமும் ஒழுங்காகும் என்று முடிவு கட்டி, அவளுடைய பழைய உணவைப் பழைய அளவில், ஒரே வேளையில் கொட்டினேன். நிமிடத்தில் காலி.

மாலை 5 மணிக்கு முதுகை வளைத்து உட்கார்ந்து முக்கினாள், வந்தது ஒரு கரண்டி அளவு, அதன் மேல் சளி. 5:40-க்கு மறுபடி. 7-க்குள் ஐந்து முறை, கடைசியில் சளியோடு ஒரு சிவப்புக் கீற்று.

இங்கே இன்னொரு தவறும் செய்யவிருந்தேன். முக்கி முக்கிக் கொஞ்சமாக வருகிறதே, காலையிலிருந்து மலச்சிக்கல்தான் என்று எண்ணி, மலமிளக்கிக்குக் கை நீண்டது. நாய் முக்குவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அது பெருங்குடல் அழற்சி. அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமாக, சளியோடு, சில நேரம் புத்தம்புது ரத்தக் கீற்றோடு போனால் பெருங்குடல். அதிக அளவில், எண்ணிக்கை குறைவாக, தண்ணீராகப் போனால் சிறுகுடல், முதல் நாள் பார்த்தது அதுதான். காலியாக இருந்தாலும் இன்னும் ஏதோ இருக்கிறது என்ற உணர்வை வீங்கிய பெருங்குடல் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் முக்கல். அந்த நிலையில் மலமிளக்கி கொடுத்திருந்தால் எரிகிற இடத்தில் எண்ணெய்தான்.

மறுபடி தொலைபேசி. சளியில் ஒரு கீற்று ரத்தம், நாய் சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் இரவு பார்க்கலாம் என்றார். ஆனால் சிவப்புப் பழக்கூழ் போல அள்ளி ஊற்றினால் காலை வரை காத்திருக்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். அந்த வகைக் கழிச்சல், சிறிய இனங்களில் குறிப்பாக, சில மணி நேரத்தில் உடலின் நீரை வற்ற வைத்துவிடும், நரம்பில் திரவம் ஏற்றாமல் தீராது. இரவு 11, 2, 5 என்று எழுந்து ஈறைப் பார்த்தேன். அவள் குறட்டை விட்டாள். எனக்குத்தான் தூக்கமில்லை.

நான்காம் நாள் காலை புதிய மலத்தை மூடியுள்ள டப்பியில் எடுத்துக்கொண்டு போனோம். பரிசோதனையில் புழு முட்டையும் இல்லை, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் இல்லை. ஜியார்டியா விட்டு விட்டுத்தான் வெளிவரும் என்பதால் ஒரு மாதிரியை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றும் மருத்துவர் சொன்னார். வயிற்றை அழுத்திப் பார்த்தார், வலி இல்லை. எடை 13.7 கிலோ.

இந்த முறை பட்டினி இல்லை. கோழியும் சோறும் பழைய அளவில், கூடவே உப்பில்லாமல் வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு மேசைக்கரண்டி, இரு வேளை. அதிலுள்ள நார்ச்சத்து தண்ணீரையும் பிடித்து வைக்கும், பெருங்குடலின் நுண்ணுயிர்களுக்கும் தீனியாகும். பின்புறம் சிவந்திருந்ததால் ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி ஒற்றித் துடைத்தோம். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கம் அந்த வாரத்தில் வீட்டில் எல்லோருக்கும் வந்தது. கூடத்தில் போய்விட்டாளே என்று ஒருவர் அதட்டினார், அவரை நான் அதட்டினேன். அடக்க முடியாமல் போன நாயைத் திட்டினால் அடுத்த முறை ஒளிந்துகொண்டு போகும், நமக்குக் கணக்கும் போய்விடும்.

ஐந்தாம் நாள் இரண்டு முறை, சளி இல்லை. ஆறாம் நாள் ஒரே முறை, உருண்டு திரண்டு வந்தது. மலத்துக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு: 1 என்றால் கல் போல, 7 என்றால் தண்ணீர், 2 தான் நாம் விரும்புவது. என் நோட்டில் முதல் நாள் 7, இரண்டாம் நாள் 5, மூன்றாம் நாள் மாலை 6, ஆறாம் நாள் 3.

நல்ல மலம் வந்த பிறகும் ஒரு முழு நாள் பொறுத்தேன். எட்டாம் நாள் கால் பங்கு பழைய உணவு, முக்கால் பங்கு கோழிச்சோறு. ஒன்பதாம் நாள் பாதிக்குப் பாதி. பத்தாம் நாள் முக்கால். பதினொன்றாம் நாள் முழுக்கப் பழைய உணவு, ஆனால் அதையும் மூன்று வேளையாகப் பிரித்து. மூன்றாம் நாள் காலையில் ஒரே வேளையில் கொட்டியதும் இதே உணவுதான். அப்போது குடலின் உட்படலம் ஆறியிருக்கவில்லை. அது உரிந்து புதுப்பிக்கப்படச் சில நாட்கள் பிடிக்கும். நாயின் வாலோ அதற்கு இரண்டு நாள் முன்பே ஆடத் தொடங்கிவிடுகிறது. நான் வாலைப் பார்த்து முடிவெடுத்தேன்.

ஒரு மாதத்துக்குள் மறுபடி வந்தால் இன்னொரு மல மாதிரியும், அட்ரீனல் சுரப்பிக்கானது உட்பட ரத்தப் பரிசோதனையும் செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தச் சுரப்பி போதிய அளவு ஹார்மோன் சுரக்காத அடிசன் நோய் இப்படித்தான் விட்டு விட்டு வரும் வயிற்றுக் கோளாறாக வேடம் போடுமாம். அந்த மாதம் மறுபடி வரவில்லை. பதினான்காம் நாள் எடை 14 கிலோ. குப்பைத் தொட்டியைக் கதவுள்ள அலமாரிக்குள் மாற்றிவிட்டோம். அந்தக் கதவை எப்படித் திறப்பது என்று அவள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறாள்.